எந்தப் பச்சை?

நாகலூரில் ஒரு நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்கப் போயிருந்தேன். ஏற்காடு ஏரிக்கரைக் கூட்டத்திடமிருந்து தப்பித்து, காபிச் செடியும் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடியுமாக ஒதுங்கிக் கிடக்கிற ஊர். காலையில் பனி, பகலில் இளவெயில், எந்நேரமும் சூடாகக் காபி. இரண்டு நாளும் பேனாவைத் தொடுவதில்லை என்று ஒரு சபதம் வேறு.

சபதம் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு உடைந்தது.

பக்கத்து வீட்டுப் பெண்மணி வந்தார். வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைத்துக் கொடுப்பவர். கையில் கட்டம் போட்ட இரண்டு துணி, கூடவே மகளின் ஸ்கூல் டைரி.

“அண்ணா, நீங்க பத்திரிகையில எழுதறவருன்னு சொன்னாங்க. நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. இந்த ரெண்டும் ஒரே துணியா, இல்லையா?”

டைரியில் சிவப்பு மையில் ஒரு வரி. ‘யூனிஃபார்ம் நிறம் சரியில்லை. மாற்றி அனுப்பவும்.’ ஆறாம் வகுப்புப் பெண். ஜூன் மாதம் தைத்த பினஃபோர் தீபாவளிக்குள் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. பிள்ளை வளர்கிறாள், என்ன செய்வது? அம்மா மறுபடி சேலம் கடைவீதிக்குப் போய் அதே கட்டத்தை வாங்கி வந்து தைத்துப் போட்டிருக்கிறார். பிரேயரில் எல்லோரும் வரிசையில் நிற்க, இந்தப் பெண்ணை மட்டும் தனியாக நிறுத்திவிட்டார்கள்.

“முன்னாடி வாங்கின கடையில ஸ்டாக் இல்லைன்னாங்க. வேற கடையில வாங்கினேன். ‘அதே டிசைன்தாம்மா, வேற மில்லு’ன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. நான் என்ன பொய்யாண்ணா சொல்லப் போறேன்?”

இரண்டையும் வாசலில் வெயிலில் பிடித்துப் பார்த்தோம். பழையது பாசிப் பச்சை. புதியது கிளிப் பச்சைக்குச் சித்தப்பா பையன். ஆனால் கட்டம்?

ஒரு ஊக்கை வாங்கி, நூல் நூலாகத் தள்ளி எண்ண ஆரம்பித்தேன். நான் பி.காம். படித்தவன். இரண்டு பக்கமும் கூட்டித் தொகை டேலி ஆகிவிட்டால் நிம்மதியாகத் தூங்குகிற இனம். பச்சை இத்தனை, கறுப்பு இத்தனை, வெள்ளை இத்தனை... பாவிலும் எண்ணினேன், ஊடையிலும் எண்ணினேன். இரண்டு துணியிலும் ஒரு நூல்கூட வித்தியாசமில்லை.

கணக்கு டேலி. நிறம் டேலி இல்லை. அப்படியானால் இது ஒரே துணியா, இரண்டு துணியா?

இந்தக் கேள்விக்கு ஒரு தேசமே முந்நூறு வருடங்களாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறது. ஸ்காட்லாந்து! அந்த நாட்டுக்கும் இந்த மலைக்கும் பழைய பழக்கம் உண்டு. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம் பகுதி ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் இங்கே வரி வசூலுக்கு வந்த தாமஸ் மன்றோ, கிளாஸ்கோவில் பிறந்தவர். 1820-களில் ஏற்காட்டுக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்த சேலம் கலெக்டர் காக்பர்னும் ஸ்காட்லாந்துக்காரர்தான். நம் பள்ளிக்கூடப் பினஃபோரில் இருக்கிற அந்தக் கட்டத்துக்கும் பூர்வீகம் அங்கேதான். ‘டார்டன்’ என்பார்கள். ஸ்காட்லாந்து ஆண்கள் பாவாடை மாதிரிக் கட்டிக்கொள்கிறார்களே, அந்தக் கட்டம்.

உடனே, ‘கட்டம் போட்டு நெய்ய நமக்கு வெள்ளைக்காரனா சொல்லிக் கொடுத்தான்?’ என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சோழமண்டலக் கரையிலிருந்து கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி ஆப்பிரிக்கா வரைக்கும் கப்பலேறியது, இங்கிலீஷ் ராஜ்யம் இங்கே காலூன்றுவதற்கு முன்பே. நான் சொல்வது, ஒரு கட்டத்துக்குப் பெயர் வைத்து, அதை ஒரு குலத்துக்கோ பட்டாளத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ சொந்தமாக்கி, ‘இதைத்தான் நீ போட வேண்டும்’ என்கிற வழக்கத்தை. அது ஸ்காட்லாந்து சரக்கு.

*

டார்டனை எப்படி எழுதி வைப்பார்கள் தெரியுமா? படமாக அல்ல, கணக்காக. நீலம் 24 நூல், கறுப்பு 4, பச்சை 24, வெள்ளை 2 என்கிற மாதிரி ஒரு வரிசை. (இது உதாரணத்துக்கு நான் போட்ட கணக்கு.) பாவில் என்ன வரிசையோ அதேதான் ஊடையிலும். இந்த ஒரு வரிக் கணக்கு இருந்தால் போதும், உலகத்தில் எந்தத் தறியிலும் அந்தக் கட்டத்தை நெய்துவிடலாம்.

இதற்கென்று ஸ்காட்லாந்து அரசாங்கமே 2008-ல் சட்டம் போட்டு, 2009 பிப்ரவரியில் ஒரு பதிவேட்டைத் திறந்தது. நிலப் பத்திரம் மாதிரி, கட்டத்துக்குப் பத்திரம்! அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்து. ‘பி’ என்றால் நீலம். ‘ஜி’ என்றால் பச்சை. நீலம் ‘பி’யைப் பிடுங்கிக்கொண்டதால் கறுப்புக்குக் கடைசி எழுத்தான ‘கே’.

இவ்வளவு பக்காவாக எழுதுகிறவர்கள் வசதியாக ஒன்றைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். ‘ஜி’ என்றால் பச்சை, சரி. எந்தப் பச்சை? வாழையிலைப் பச்சையா, பாசிப் பச்சையா, பாட்டில் பச்சையா? அது நெய்கிற ஆலையின் இஷ்டம். கட்டத்தின் அடையாளம் நூல் கணக்கில்தான். சாயத்தின் அடர்த்தியில் இல்லை என்பதுதான் அங்கே பொதுவான வழக்கு. அதனால்தான் ஒரே பெயர் போட்ட டார்டனை நான்கு ஆலைகளில் வாங்கினால், நான்கும் அண்ணன் தம்பி மாதிரி இருக்குமே தவிர, இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்காது.

ஏன் இப்படி விட்டார்கள்? சோம்பேறித்தனமா? இல்லை. சாயத்தின் சரித்திரம் அப்படி.

1704-ல் கிராண்ட் என்கிற குலத்தின் தலைவர் தம் ஆட்களுக்கு ஓர் உத்தரவு போட்டார். எல்லோரும் சிவப்பும் பச்சையும் கலந்த கட்டத் துணியில் உடுப்பு தைத்துக்கொண்டு தயாராக இருக்க வேண்டும் என்று. சிவப்பு, பச்சை. அவ்வளவுதான் உத்தரவு. அதற்கு மேல் சொல்ல அந்தக் காலத்தில் வழியும் இல்லை.

சாயம் என்பது அன்றைக்குச் சமையல். நம் வீட்டு சாம்பாரும் எதிர்வீட்டு சாம்பாரும் ஒன்றாகவா இருக்கிறது? மஞ்சிட்டி வகைச் செடியின் வேரிலிருந்து சிவப்பு எடுப்பார்கள். அதே வேர், படிகாரம் சேர்த்தால் சிவப்பு. இரும்பு சேர்த்தால் கருத்துப் போகும். சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீரில் ஒரு சிவப்பு, மழைத் தண்ணீரில் வேறு சிவப்பு. நம் ஊர்ச் சாயக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. ‘எங்க கிணத்துத் தண்ணிக்குத்தான் இந்தக் கலர் வரும்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். விளம்பரத்துக்காகச் சொல்வதில்லை, உண்மை அது.

பச்சை இன்னும் மோசம். நன்றாக நிற்கும் பச்சை வேண்டும் என்றால் ஒரே பாத்திரத்தில் கிடைக்காது. நூலை மஞ்சளில் ஒரு தடவை, அவுரி நீலத்தில் ஒரு தடவை முக்க வேண்டும். எது கொஞ்சம் கூடினாலும் பச்சையின் குணம் மாறிவிடும். அப்புறம் வெயில் பட்டால், முதலில் ஓடிப் போவது மஞ்சள்தான். நீலம் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பழைய துணிகளில் பச்சை நீலமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

காசும் விளையாடியது. பிரிட்டிஷ் பட்டாளத்தின் செங்கோட்டு பிரசித்தம். ஆனால் அதிகாரியின் கோட்டுக்கு மெக்சிகோவிலிருந்து வந்த பூச்சிச் சாயம், பளீரென்ற சிவப்பு. சிப்பாயின் கோட்டுக்கு மலிவான வேர்ச் சாயம்; செங்கல் சிவப்பு. ஒரே பட்டாளம், ஒரே ‘சிவப்பு’. எந்தச் சிவப்பு என்பது சம்பளத்தைப் பொறுத்தது!

*

1746-ல் ஒரு திருப்பம். கிளர்ச்சி செய்த மலைநாட்டுக்காரர்களை அடக்க, அவர்களுடைய உடையையே தடை செய்தது லண்டன். பட்டாளத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. தடை நீங்கியது 1782-ல். முப்பத்தாறு வருடம்! ஒரு தலைமுறை போய்விட்டது. யார் எந்தக் கட்டம் கட்டினார்கள் என்று சொல்ல ஆளில்லை.

1815-ல் லண்டனில் இருந்த ஒரு மலைநாட்டுச் சங்கம், ‘உங்கள் குலத்தின் உண்மையான டார்டன் எது? ஒரு துண்டு முத்திரை போட்டு அனுப்புங்கள்’ என்று தலைவர்களுக்குக் கடிதம் எழுதியது. தலைவர்கள் முழித்தார்கள். சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? பேனக்பர்ன் என்ற ஊரில் ‘வில்சன்’ என்று பெரிய நெசவுக் கம்பெனி ஒன்று இருந்தது. பட்டாளத்துக்குத் துணி சப்ளை செய்கிறவர்கள். அவர்களுக்கே எழுதி, ‘ஐயா, எங்கள் கட்டம் எது?’ என்று கேட்டார்கள்! நம் குலதெய்வம் எது என்று ஜவுளிக் கடையில் விசாரிக்கிற மாதிரி.

வில்சன் கம்பெனி கெட்டிக்காரக் கம்பெனி. 1819-ல் இருநூறுக்கும் மேற்பட்ட கட்டங்களுக்கு நூல் கணக்கு எழுதி ஒரு புத்தகமே வைத்திருந்தார்கள். நிறங்களையும் தங்களுக்குள் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அது அவர்களுடைய நிறம், அவர்களுடைய சாயப் பாத்திரம். 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் தலைமையில் ஊரையே டார்டனில் குளிப்பாட்டினார்கள். டிமாண்ட் எகிறியது. புதிது புதிதாக ஆலைகள் வந்தன. கணக்கைக் காப்பி அடிக்க முடிந்தது. சாயத்தை?

1856-ல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்கிற பதினெட்டு வயதுப் பையன், மலேரியாவுக்குக் கொயினா மருந்து தயாரிக்கப் போய், தவறுதலாக ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். ரசாயனச் சாய யுகம் ஆரம்பம். 1869 வாக்கில் வேர்ச் சிவப்புக்கு மாற்று சந்தைக்கு வந்தது. 1897-ல் அவுரிக்கும் வந்தது. புதுச் சாயங்கள் அழுத்தமானவை. டார்டனின் நீலம் கறுப்புக்குப் பக்கத்தில் போனது. பச்சை பாட்டில் பச்சை ஆனது.

கொஞ்ச காலம் கழித்து, ‘அடடா, தாத்தா காலத்து மென்மை போச்சே’ என்று ஓர் ஏக்கம் கிளம்பியது. ஆலைகள் விடுமா? 20-ஆம் நூற்றாண்டில் ‘ஏன்ஷன்ட்’ என்று ஒரு வரிசையைக் கொண்டுவந்தார்கள். அழுத்தமான பழைய வரிசைக்கு ‘மாடர்ன்’ என்று பெயர். ஆக ‘ஏன்ஷன்ட்’தான் புதுசு, ‘மாடர்ன்’தான் பழசு. குழப்பம் போதாது என்று, டால்கிளீஷ் என்ற ஆலை ‘ரீப்ரொடக்‌ஷன்’ என்று இன்னொன்றை இறக்கியது. மண்ணில் பல காலம் புதைந்து கிடந்த துணி மாதிரியான நிறங்கள். இன்னொரு ஆலை அதே போல் ‘வெதர்டு’ என்றது. வேறொன்று ‘மியூட்டட்’ என்றது. வெதர்டு வரிசையில் நீலம் சாம்பலாகிவிடும், பச்சை பழுப்பாகிவிடும். ஆனாலும் பதிவேட்டில் அது ‘ஜி’, பச்சைதான்!

மண்ணில் கிடந்தது என்றதும் ஞாபகம் வருகிறது. 1980-களில் ஸ்காட்லாந்தின் கிளென் அஃப்ரிக் என்ற இடத்துச் சதுப்பில் ஒரு கட்டத் துணி கிடைத்தது. 2023-ல் ஆராய்ச்சி முடிவு வந்தது. 1500-க்கும் 1600-க்கும் இடைப்பட்ட காலம். இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழைய நிஜ டார்டன் இதுதான் என்றார்கள். கண்ணால் பார்த்தால் அழுக்குப் பழுப்பு. சோதித்துப் பார்த்தால் உள்ளே பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று வர்ணஜாலம். இப்போது இதன் ‘உண்மையான’ நிறம் எது? நெய்த அன்றைக்கு இருந்ததா, தோண்டி எடுத்த அன்றைக்கு இருந்ததா?

*

‘சரி சார், நிறம் முக்கியமில்லை, கணக்குதான் முக்கியம் என்று முடித்துவிடலாமே’ என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல்.

‘பிளாக் வாட்ச்’ என்று ஒரு புகழ்பெற்ற பட்டாளம். கரும்பச்சை, கருநீலம், கறுப்பு போட்ட கட்டம். அரசாங்கக் கட்டம் என்றே அதற்குப் பெயர். அதே நூல் கணக்கை, கொஞ்சம் வெளிறிய நிறத்தில் நெய்தால்? அது கேம்பெல் குலத்துத் துணி. இன்னொரு சாயலில் நெய்தால் சதர்லேண்ட் துணி. அதாவது, ஓரிடத்தில் நான்கு சாயலுக்கும் ஒரே பெயர். இன்னோரிடத்தில் ஒரே கணக்குக்குச் சாயலை வைத்துத் தனித்தனிப் பெயர். எப்போது நிறம் முக்கியம், எப்போது இல்லை என்பதைத் துணி முடிவு செய்வதில்லை. மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறார்கள்.

நம் மெட்ராஸ் கட்டத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. ஜவுளி உலகில் இன்றும் சொல்வார்கள். 1958-ல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் சென்னைக்கு வந்து, கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் (பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர்) கட்டத் துணி வாங்கிப் போனார். துவைத்ததும் சாயம் போயிற்று. வாடிக்கையாளர்கள் கொந்தளித்தார்கள். வழக்கு வரைக்கும் போக வேண்டியது, விளம்பரத்தில் போய் முடிந்தது. ‘சாயம் போகும், அதற்கு உத்தரவாதம்!’ என்று விற்றார்கள். ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புது நிறம் என்றதும் அமெரிக்கா க்யூவில் நின்றது. நேற்று வரை குறை. இன்று அதுவே பெருமை. துணி மாறவில்லை. பேச்சு மாறியது.

*

‘அதெல்லாம் அந்தக் காலம். இப்போதான் கம்ப்யூட்டர் இருக்கே’ என்று கேட்கலாம்.

இருக்கிறது. நிறத்தை அளக்கிற கருவி இருக்கிறது. இரண்டு நிறத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று எண்ணாகவே சொல்லும். ஆனால் எந்த நிறத்தோடு ஒப்பிடுவது என்று யாராவது முதலில் சொல்ல வேண்டுமே! யூனிஃபார்ம் துணி பெரும்பாலும் பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்தது. முன்னதற்கு ஒரு வகைச் சாயம், பின்னதற்கு வேறு வகை. பாலியஸ்டருக்கு 130 டிகிரி வரை சூடு வேண்டும். சூடு, நேரம், தண்ணீர் எதில் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் சாயல் நகரும். ஒரே பட்டறையில் ஒரே சாயத்தில் திங்கட்கிழமை லாட்டும் வியாழக்கிழமை லாட்டும் லேசாக வேறுபடும் என்றால், வேறு வேறு மில்லுக்குக் கேட்கவே வேண்டாம்.

கட்டத் துணியில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. பாவில் பச்சை, ஊடையில் கறுப்பு சந்திக்கிற இடத்தில் மூன்றாவதாக ஒரு நிறம் தெரிகிறது அல்லவா? இரண்டு நிற நூலில் மூன்று நிறம். மூன்று நூலில் ஆறு. ஆறு நூலில் இருபத்தொன்று! ஆறில் ஒரே ஒரு நூலின் சாயல் நகர்ந்தால் போதும், இருபத்தொன்றில் ஆறு நிறம் கூடவே நகர்ந்துவிடும். அதனால்தான் தனி நூலாகப் பார்த்தால் சின்னதாகத் தெரிகிற வித்தியாசம், துணியாகும்போது முகத்தில் அறைகிறது.

கடையின் விளக்கு வேறு ஏமாற்றும். விளக்கு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு துணி, வெயிலில் வேறாகத் தெரியும். நம் பெண்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து, ‘வெளிச்சத்துல பார்த்துக்கறேன்’ என்கிறார்களே, அது சுத்தமான விஞ்ஞானம். கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் விடாதீர்கள்.

அப்படியானால் நிறத்தை ஒன்றாக வைக்கவே முடியாதா? முடியும். வேண்டும் என்று நினைத்தால் முடியும். ஸ்காட்லாந்தின் தேசியக் கொடியில் நீலப் பின்னணி. வான நீலம் முதல் கருநீலம் வரை ஆளாளுக்குத் தைத்துப் பறக்கவிட்டார்கள். 2003-ல் அந்த நாட்டுப் பாராளுமன்றக் குழு உட்கார்ந்து, ‘பான்டோன் 300’ என்று ஒரு நம்பரைச் சொல்லி, இதுதான் நம் நீலம் என்று பரிந்துரைத்தது.

நாம் அதில் சீனியர். இந்தியாவின் தர நிர்ணயங்களில் முதல் நம்பர், ஐ.எஸ். 1. வருடம் 1951. எதற்குத் தெரியுமா? தேசியக் கொடிக்கு! வெறுமனே காவி, பச்சை என்று எழுதிவிட்டு நகரவில்லை. நிறங்களுக்கு அளவு குறித்தார்கள். முக்கியம் என்று நினைத்த இடத்தில் நம்மால் பச்சைக்கு நம்பர் போட முடிந்திருக்கிறது.

*

சாயங்காலம் நாலரை மணிக்குப் பள்ளி வேன் வந்தது. அந்தப் பெண்ணோடு இறங்கியவர்கள் ஐந்து பேர். எல்லோருக்கும் அதே பள்ளி, அதே கட்டம். அம்மாவும் நானும் வாசலில் நின்று பார்த்தோம்.

ஐந்து பினஃபோரில் ஐந்து பச்சை. ஒன்று அக்கா போட்டது, வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. ஒன்று நீலத்தில் சாய்ந்திருந்தது. ஒன்றில் முன்பக்கம் ஒரு பச்சை, வெயிலில் காய்ந்த பின்பக்கம் வேறு பச்சை. ஸ்காட்லாந்து ஆலைக்காரன் பார்த்தால் ஏன்ஷன்ட், வெதர்டு, மியூட்டட் என்று வரிசையாகப் பெயர் வைத்து விலையைக் கூட்டியிருப்பான். இவர்களில் யாரையும் யாரும் தனியாக நிறுத்தவில்லை. மாட்டியது புதுத் துணி போட்ட பெண் மட்டும்தான். மற்றவை எல்லாம் மெதுவாக, பார்த்துப் பழகிய கண்ணுக்கு முன்னாலேயே மாறியவை. இது ஒரே நாளில் மாறி வந்தது.

“டைரியில நீங்களே ரெண்டு வரி எழுதிக் கொடுங்கண்ணா” என்றார் அந்தம்மா.

சபதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுதினேன். ‘இரண்டு துணியிலும் நூல் கணக்கு ஒன்றே. மில் மட்டுமே வேறு. பள்ளி விரும்பும் பச்சைக்கு ஒரு மாதிரித் துண்டை ஆபீஸில் வைத்தால், பெற்றோர் அதைப் பார்த்து வாங்க வசதியாக இருக்கும். அதுவரை குழந்தையை வரிசையில் நிற்க அனுமதிக்கவும்.’

கீழே அம்மா கையெழுத்துப் போட்டார். பிறகு கொஞ்சம் யோசித்து, பழைய பினஃபோரின் ஓரத்தில் மடிப்புக்குள் ஒளிந்திருந்த துணியில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி, டைரியில் ஊசி போட்டுக் குத்தி வைத்தார். மடிப்புக்குள் இருந்ததால் அது மட்டும் வெளுக்காமல், ஜூன் மாதத்து நிறத்திலேயே இருந்தது.